மோட்டார் கடைப் பையன்

என் மகன் மோட்டார் சைக்கிள்களுக்கு வலை ஒட்டுகிறான். மலாக்காவுக்குப் பக்கத்தில், ஜாசினில் அவனுக்குச் சொந்தமாக ஒரு கடை இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் பிறர் முன்னால் சொல்ல எனக்குப் பத்து வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவரில் ஆங்காங்கே திறப்புகள் இருக்கும். காற்றுப் போவதற்குச் சில, சும்மா தோற்றத்துக்குச் சில. அந்தத் திறப்புகளுக்குப் பின்னால், உட்பக்கமாக, கறுப்புச் சாயம் அடித்த அலுமினிய வலையை வெட்டிப் பொருத்துவார்கள். இளைஞர்கள் மலாயில் ஜாரிங் என்பார்கள். அதனால் வண்டி வேகமாக ஓடாது, பெட்ரோல் மிச்சமாகாது. பந்தய வண்டி போலத் தெரியும், அவ்வளவுதான். "பார்வைக்கு மட்டும் உதவுகிற ஒன்றுக்காகவா படிப்பை விட்டாய்?" என்று அவனை நான் கேட்டிருக்கிறேன். பார்வைக்காக நான் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ரயில்வேயில் சேர்ந்தவர். அப்பாவும் ரயில்வே. நான் மலாக்காவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் சொந்தத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் உண்டு. அவர்கள் நடுவில் நான் கொஞ்சம் கீழே இருப்பதாகவே வாழ்நாள் முழுக்க நினைத்தேன். என் ஒரே மகன் அதைச் சரி செய்வான் என்று எதிர்பார்த்தேன். எஞ்சினியரிங் படிப்பில் சேர்த்தேன். இரண்டாம் வருடம் பாதியில் அவன் பையோடு வீட்டுக்கு வந்து, "முடியலப்பா, எனக்கு அது வரல" என்றான். அன்றைக்கு அவன் சொன்னதை நான் ஒரு வியாதி போல எடுத்துக்கொண்டேன். குணமாகும்வரை வெளியே தெரியக்கூடாது என்று நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் போர்ச்சில் அவன் வேலையைத் தொடங்கினான். முதலில் கூட்டாளியின் மோட்டார். பிறகு கூட்டாளியின் கூட்டாளியுடையது. ஒரு பழைய பாயை விரித்து, கழற்றிய கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிஸ்கட் பெட்டி அட்டையில் திறப்பின் அளவை வெட்டி எடுப்பான். அதை வலையின் மேல் வைத்துத் தகரம் வெட்டும் கத்தரியால் நறுக்குவான். பசை இறுகும்வரை அழுத்திப் பிடிக்க, என் மனைவி துணி காயப்போடும் கிளிப்புகளை எடுத்துக்கொள்வான். "என்ர கிளிப் எல்லாம் உன்ர மோட்டாரிலைதான் காயுது" என்று அவள் சிரித்துக்கொண்டே திட்டுவாள். நான் அவனைத் தாண்டி காருக்குப் போவேன், வருவேன். என்ன செய்கிறான் என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

கோவிலில் கேட்டவர்களிடம், "ஜோகூரிலை எஞ்சினியராய் இருக்கிறான்" என்று சொன்னேன். முதல் தடவை சொல்லும்போது வாய் கொஞ்சம் உலர்ந்தது. பிறகு இல்லை.

அப்போதுதான் என் பெரியப்பாவின் மகன் லண்டனில் ஓய்வு பெற்று கோலாலம்பூருக்குக் குடிவந்தார். டாக்டர். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அவரைக் காட்டித்தான் பிள்ளைகளை வளர்த்தோம். என் மகனை அவர் கடைசியாகப் பார்த்தது அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது. போனில் அவரிடமும் ஜோகூர் கதையைத்தான் சொல்லியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் அவருடைய கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. உம்பாய் கடற்கரைக்கு மீன் சாப்பிடப் புறப்பட்டார்களாம்; போகிற வழியில் தம்பியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அண்ணி சொன்னாளாம். நான் கேட்டைத் திறந்தேன். மகன் போர்ச்சில், அரைக்கால் சட்டையோடு, விரலெல்லாம் பசையும் கறுப்புச் சாயமுமாக உட்கார்ந்திருந்தான். அண்ணன் இறங்கி, அவனைப் பார்த்துச் சிரித்து, என் பக்கம் திரும்பினார்.

"இது ஆர் தம்பி?"

நான் யோசித்துப் பதில் சொல்லவில்லை. சொல்ல நேரமும் ஆகவில்லை.

"மோட்டார் கடைப் பையன், அண்ணை. எங்கட மோட்டாருக்குக் கவர் போட வந்தவன்."

மகன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இப்போது நினைவிருந்திருக்காது. ஒரு கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறவன் போலப் பார்த்தான். பிறகு அண்ணனிடம், "அங்கிள், காலை பாத்து வைங்க, பசை இருக்கு" என்றான். என்னையும் பார்த்து, "நீங்களும் அங்கிள்" என்றான்.

எங்கள் வீட்டில் புல் வெட்ட வருகிறவருக்கும் குழாய் பழுதுபார்க்க வருகிறவருக்கும் தேநீர் கொடுக்கத் தனியாக ஒரு கிளாஸ் உண்டு. சமையலறைக்கு வெளியே, குழாய்க்குப் பக்கத்தில், மதில் மேல் கவிழ்த்து வைத்திருக்கும். என் தாயாரின் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அது யாரையும் அவமதிப்பது என்று நாங்கள் நினைத்ததில்லை. நினைத்ததே இல்லை என்பதுதான் உண்மை.

போர்ச்சிலேயே காற்று நன்றாக இருக்கிறது என்று அண்ணன் சொன்னதால் நாற்காலிகளை வெளியே போட்டேன். உள்ளே போய் மனைவியிடம் நடந்ததை இரண்டு வரியில் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தயவுசெய்து" என்றேன். அவள் தட்டில் கோப்பைகளை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஐந்து கோப்பைகள். பழக்கத்தில் வைத்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

"அந்தத் தம்பிக்கும் குடுங்கோவன்" என்றாள் அண்ணி.

மனைவி ஐந்தாவது கோப்பையை அவன் பக்கம் நீட்டினாள். நான் எழுந்து, "அதிலை வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். மதில் மேல் இருந்த கிளாஸை எடுத்துத் தேநீரை அதில் ஊற்றினேன். கொண்டுவந்து அவன் பக்கத்தில் தரையில் வைத்தேன். கடைப் பையன் என்று சொல்லிவிட்டு வீட்டுக் கோப்பையில் கொடுத்தால் அண்ணன் என்ன நினைப்பார் என்ற ஒரு கவலைதான் அப்போது எனக்கு இருந்தது. பொய்யை ஒழுங்காகச் செய்ய வேண்டும் அல்லவா.

அவன் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். எழுந்து பின்பக்கம் போய்க் கழுவினான். கிளாஸை மதில் மேல் கவிழ்த்து வைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பி வந்து பாயில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கவரின் உட்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினான்.

அண்ணன் கை கழுவ உள்ளே போனார். வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. வந்தவர் நாற்காலிக்குப் போகாமல், அந்த வயதிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் குந்தினார்.

"என்ன செய்யிறீர் தம்பி? சொல்லும் பாப்பம்."

"வலை ஒட்டுறேன் அங்கிள். உள்பக்கம் நல்லா தேய்க்கணும். வழுவழுன்னு இருந்தா பசை புடிக்காது, ரெண்டு மாசத்துல கழண்டுரும்."

"இதென்ன, ஒரு பக்கத்துக்கு வலையைத் திருப்பிப் போட்டு வெட்டி வச்சிருக்கிறீர்?"

"கட்டம் சாஞ்சு இருக்கு பாருங்க. ரெண்டையும் ஒரே மாதிரி வெட்டினா, மாட்டின பிறகு ஒண்ணு முன்னாடி ஓடுற மாதிரி இருக்கும், ஒண்ணு பின்னாடி ஓடுற மாதிரி இருக்கும். அதனால வலது பக்கத்துக்குத் திருப்பிப் போடணும்."

"ஆர் இதை உத்துப் பாக்கப் போகினம்?"

"யாரும் பாக்க மாட்டாங்க லா அங்கிள். தப்பா இருந்தா மட்டும் என்னமோ சரியில்லன்னு தோணும். என்னன்னு சொல்லத் தெரியாது."

அண்ணன் ரசித்துச் சிரித்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டு வாசலில் ஒரு வருடமாக நடந்த வேலையைப் பற்றி எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் வேறொருவர் கேட்டதால்.

"உம்மட அப்பா என்ன செய்யிறார்?"

"ஆபிஸ்ல இருந்தாரு. இப்ப ரிட்டயர்."

"இந்த வேலைக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவருக்கு இது என்ன வேலைன்னே தெரியாது அங்கிள்."

அண்ணன் தரையில் கிடந்த வலைத் துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு திரும்பாமலே என்னிடம், "உன்ர மகன் எப்பிடி? ஜோகூரிலை சுகமாய் இருக்கிறானோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. லீவு கிடைக்கேல்லை, இல்லாட்டி வந்திருப்பான்."

வலையை வெட்டிக்கொண்டிருந்த கத்தரி ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

அவர்கள் புறப்படும்போது அண்ணன் அவனிடம் கை நீட்டினார். "பசை அங்கிள்" என்று அவன் பின்வாங்கினான். "காய்ஞ்சிடும்" என்று அவர் பிடித்துக் குலுக்கினார்.

கார் போனதும், "திடீரெண்டு வந்து நிண்டிட்டினம், என்ன செய்யிறது" என்றேன். அவன் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பசையைச் சுரண்டி, அம்மாவின் வாளியில் போட்டான். இரண்டு வாரத்தில் ஜாசினில் ஒரு கடையின் பாதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி, அவனும் நாலு வார்த்தை சொல்லி, எங்கேயாவது ஓரிடத்தில் முடிந்திருக்கும்.

அதன் பிறகு என் மனைவி வாரம் ஒருமுறை பஸ் ஏறி ஜாசினுக்குப் போய் வந்தாள். அவன் என்ன சாப்பிட்டான், முடி வெட்டினானா என்பது வரைக்கும் சொல்வாள். அவன் என்னைக் கேட்டானா என்று நான் கேட்கமாட்டேன். அவளும் சொல்லமாட்டாள்.

இரண்டு வருடம் கழித்து நானே போனேன். சிறிய கடைதான். சுவரில் வலைச் சுருள்கள், அட்டையில் வெட்டிய அளவுகள் நூற்றுக்கணக்கில் ஆணியில் தொங்கின. மலாய்க்காரப் பிள்ளைகள் இருவர் தங்கள் மோட்டாருக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள். அவன் எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவர்கள் போகும்வரை காத்திருந்து, நான் செய்தது பிழை, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். மகனிடம் அப்படிச் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. ஆனால் சொன்னேன்.

அவன் கையைத் துணியில் துடைத்தான். "எங்கிட்ட எதுக்கு? நான் யாருன்னு எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத்தான் தெரியாது. அவருகிட்ட சொல்லிருங்க."

"அவரிட்டை நான் எப்பிடி..."

"போன் பண்ணுங்க. அன்னிக்கு அங்க இருந்தது என் மகன்தான்னு சொல்லுங்க. அவ்வளவுதான் லா. சொல்லிட்டேன்னு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, அன்னிக்கே வீட்டுக்கு வர்றேன்."

அவன் பேரம் பேசவில்லை. நான் செய்யக்கூடிய மிகச் சிறிய காரியத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான். இப்போது அது எனக்குப் புரிகிறது.

நான் போன் செய்தேன். பல தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன் எடுத்தவுடன், நான் வாயைத் திறக்குமுன், "மகன் எப்பிடி?" என்று கேட்பார். "சுகம் அண்ணை" என்பேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மற்றதைச் சொல்ல முடியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவரே கூப்பிடுவார். முதல் கேள்வி அதுதான். "இப்ப என்ன செய்யிறான்?" ஒரு வருடம் அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தேன். இன்னொரு வருடம் சிங்கப்பூருக்கு மாற்றினேன். போனை வைத்ததும் மனைவி சமையலறையிலிருந்து, "சொன்னீங்களோ?" என்பாள். நாலைந்து வருடத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த வருடங்களில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. சாலைச் சந்திப்புகளில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, எதிரே நிற்கும் மோட்டார்களின் முகத்தைப் பார்ப்பேன். வலை இருந்தால் கட்டங்களைப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்தால் அது அவன் ஒட்டியது என்று நினைத்துக்கொள்வேன். மலாக்காவில் அப்படி நிறைய மோட்டார்கள் ஓடுகின்றன. பச்சை விளக்கு விழுந்ததும் தெரியாமல் நின்று, பின்னால் வருகிறவர்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

போன வருடம் அண்ணன் தூக்கத்திலேயே காலமானார். செய்தி வந்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இனிச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் முதலில் வந்தது. அதற்காக என்னை நான் எவ்வளவு வெறுத்தாலும், வந்த வரிசை அதுதான். மற்றது அன்றைக்கு மத்தியானம் வந்தது. இனிச் சொல்லவே முடியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கோலாலம்பூர் போனேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் குறைந்த பிறகு, அண்ணி தனியாக இருந்த நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, ஒரு விஷயம். நீங்கள் ஒருக்கா மலாக்காவுக்கு வந்தனீங்கள். அண்டைக்குப் போர்ச்சிலை வலை ஒட்டிக்கொண்டிருந்த பெடியன்..."

"உங்கட மகன்" என்றாள்.

அவளே தொடர்ந்து சொன்னாள்.

"அவர் கை கழுவ உள்ளுக்குப் போனவரெல்லோ. உங்கட ஹோலிலை அவன் பள்ளிக்கூடத்திலை பரிசு வாங்கிற படம் மாட்டியிருந்துது. அதைப் பாத்திட்டுத்தான் வெளியிலை வந்து அவனுக்குப் பக்கத்திலை குந்தினவர். காரிலை போகேக்கை உம்பாய் போய்ச் சேருமட்டும் ஒரு கதை இல்லை. அண்டைக்கு மீனும் சாப்பிடேல்லை."

"பிறகு ஏன் அண்ணி ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டவர்தானே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "போன் எடுக்கிற நேரமெல்லாம் அதைத்தானே முதல் கேட்டவர். இந்த முறை சொல்லுவான், இந்த முறை சொல்லுவான் எண்டு என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் கேட்கிறவர்."

அந்தப் படத்தை மாட்டியது நான்தான். அவன் கணிதத்தில் முதல் பரிசு வாங்கிய வருடம். வருகிறவர்கள் கண்ணில் படும்படி, உயரம் பார்த்து, ஆணி அடித்து மாட்டினேன். பொய் சொன்ன அன்றைக்கு அது என் நினைவிலேயே இல்லை.

மறுநாள் ஜாசினுக்குப் போனேன். மகன் ஒரு கவரை மடியில் வைத்துத் திறப்பின் ஓரத்தில் பசை தடவிக்கொண்டிருந்தான். அந்தப் பசை கலந்தால் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும், நடுவில் நிறுத்த முடியாது. அதனால் அவன் வேலையை நிறுத்தாமலே கேட்டான். நான் அண்ணி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். வலையை வைத்து, சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தான். பிறகு அப்படியே பிடித்தபடி இருந்தான்.

"அப்ப அவருக்குத் தெரியும்."

"ஓம்."

"எல்லாம் தெரிஞ்சுதான் கை குடுத்தாரா."

அவனுடைய கண் கலங்கியது. எனக்காக இல்லை. விவரம் தெரிந்த பிறகு ஒருமுறை மட்டும் பார்த்த பெரியப்பாவுக்காக. பல வருடமாகத் தன்னைத் தெரியாத ஒருவர் என்று நினைத்திருந்தவருக்காக. போய்ப் பார்த்திருக்கலாம், பேசியிருக்கலாம். அந்த உறவையும் நான்தான் அவனிடமிருந்து எடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பசை இறுகியது. அவன் கையை எடுத்தான்.

"நீங்க சொன்னது அவருகிட்ட இல்ல" என்றான். "ஆனா சொல்லிட்டீங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மாகிட்ட சொல்லிருங்க."

வந்தான். இப்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அம்மாவுக்குப் பழங்கள் வாங்கி வருவான். எனக்கு மருந்து தீர்ந்துவிட்டதா என்று கேட்பான். நன்றாகச் சாப்பிடுவான். சாப்பிட்ட பிறகு, "உன்ர அறையிலை கொஞ்சம் படு" என்று அவள் சொன்னால், "இல்லம்மா, இங்கயே இருக்கேன்" என்று ஹாலில் உட்கார்ந்துகொள்வான். நாலு மணிக்கு முன் கிளம்பிவிடுவான். அவனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிலேயே நல்ல விருந்தாளி அவன்தான்.

கேட்டுக்கு நான் முந்தின நாளே எண்ணெய் விட்டு, காலையில் அகலத் திறந்து வைத்துவிடுவேன். ஆனாலும் அவன் மோட்டாரை வெளியே நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கு அந்தப் பக்கமே நிற்கிறான். யாராவது வந்து "வா" என்று சொல்லும்வரை உள்ளே காலெடுத்து வைப்பதில்லை. ஒருமுறை நான் குளித்துக்கொண்டிருந்தேன், மனைவி பின்பக்கம் இருந்தாள். வெயிலில் எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவன் வருகிற ஞாயிறுகளில் இப்போது நான் ஏழு மணிக்கே குளித்துவிட்டு, கேட் தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். பதினொரு மணிக்கு முன் வரமாட்டான் என்று தெரியும். இருந்தாலும் எழுந்து போவதில்லை. அவன் நிற்கும் நேரத்தைக் குறைக்க என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.